கச்சானின் வாயோரத்துக் காயம்

மகன்,

இந்தக் கிழமை மூன்று தரம் உனக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் தரம் மண்டபத்துக் கதிரைகளுக்கு உறை போடுவது பற்றிக் கதைத்தேன். இரண்டாம் தரம் உன் வேட்டிக்கு என்ன நிறக் கரை என்று கேட்டேன். மூன்றாம் தரம் நீயே, "அம்மா, நீங்கள் வேற என்னவோ சொல்ல வாறீங்கள், சொல்லுங்கோவன்" என்றாய். "ஒண்டுமில்லை, சாப்பிட்டியோ" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாயால் சொல்ல எனக்கு ஏலாது என்று அப்போதுதான் விளங்கியது. அதனால் எழுதுகிறேன். இருந்து, ஆறுதலாக வாசி. பாதியில் கோபம் வந்தாலும் கடைசி வரை வாசித்து முடி. உன் கலியாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. தாலி கட்டுவதற்கு முன் நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் அப்பா காய்ச்சலில் போனபோது உனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகுதான் நான் நிலாவெளியில் ஹாஜியாரின் விடுதிக் குசினிக்கு வேலைக்குப் போனேன். விடுதிக்குப் பின்னால் நாலு குதிரைகள் நின்றன, வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் கடற்கரையில் ஏற்றிக்கொண்டு போக. மரக்கறித் தோல்களை வாளியில் கொண்டுபோய்க் கொட்டப் போனவள்தான் நான். இரண்டு பருவம் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண், குதிரைகள் என் காலடிச் சத்தத்துக்குத் தலை திருப்புவதைக் கண்டு, ஒருநாள் என்னைப் பிடித்து ஏற்றிவிட்டாள். எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. புருசன் செத்த பொம்பிளை கால்சட்டை போட்டுக்கொண்டு குதிரை ஏறுகிறாள் என்று மீன்வாடி முழுக்கக் கதைத்தார்கள். கரைவலை இழுக்கிறவர்கள் வலையை விட்டுவிட்டு நின்று பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் நான் பழகினேன், பிறகு உனக்கும் பழக்கினேன். பத்து வருசத்தில் திருகோணமலையில் யாருக்குக் குதிரை விசயம் என்றாலும் என்னைத்தான் கேட்டு வந்தார்கள். எனக்கென்று இருந்த பெயர் அது ஒன்றுதான். இதை நான் சாட்டாகச் சொல்லவில்லை. எதை யாரும் தொட்டுவிடக் கூடாது என்று நான் காவல் இருந்தேன் என்பதை நீ அறிய வேண்டும் என்று சொல்கிறேன்.

கச்சான் வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். மேற்கிலிருந்து சூடாகக் கச்சான் காற்று வீசிய மாதம். ஓட்டப் பந்தயத்திலிருந்து விலக்கிய மண்ணிறக் குதிரையை ஹாஜியார் மலைநாட்டிலிருந்து லொறியில் இறக்கினார். காற்றின் பெயரை நீதான் வைத்தாய். விடுதிப் பெடியன்கள் வறுத்த கச்சான் கடலை என்று நினைத்துக்கொண்டு, "ஒரு சுருள் எவ்வளவு?" என்று பகிடி பண்ணினார்கள். ஹாஜியாருக்கு ஒரே ஓர் ஆசை. அடுத்த பங்குனியில் துறைமுகத்துக்கு மேலே உள்ள மைதானத்தில் முதல் தடவையாக நடக்க இருந்த மூன்று கட்டப் போட்டியில் தன் குதிரை ஒன்று ஓட வேண்டும். கடைசி இரண்டு கட்டமும் அந்தக் குதிரைக்கு விளையாட்டு. காட்டுவெளியில் விழுந்த மரத்தையும் வாய்க்காலையும் பறவை மாதிரித் தாண்டும், தடைக்கம்புகளைத் தொடாது. ஆனால் முதற் கட்டம் ட்ரெஸாஜ். வெள்ளைப் பலகை அடித்த சதுரத்துக்குள், நடுவருக்கு முன்னால், சொன்ன இடத்தில் சொன்ன நடையில் வட்டமும் நேர்கோடுமாக அமைதியாகப் போய்க் காட்ட வேண்டும். அந்தப் பலகைகளைக் கண்டதும் கச்சான் வேறு குதிரையாகிவிடும். கழுத்து தடி மாதிரி நிற்கும். முதுகு கல்லாகும். பல்லை நறநறவென்று கடிக்கும். நடக்கச் சொன்னால் குறுக்காலே துள்ளும்.

ஐந்து மாதம் நான் அந்தக் குதிரையோடு மல்லுக்கட்டினேன். துள்ளத் துள்ளக் கடிவாள வாரை இழுத்துப் பிடித்தேன், உனக்கும் பிடிக்கச் சொன்னேன். சரியாக வரும் வரை அதே வட்டத்தைப் பதினைந்து தரம், இருபது தரம் செய்வித்தேன். மார்கழி மழைக்குள் ஒருநாள் ஹாஜியார் குடையோடு வேலியில் நின்று பார்த்துவிட்டு, "தங்கச்சி, குறையாச் சொல்றன் எண்டு நெனைக்காதீங்க. இத ஓட்டக் காலத்துல பராமரிச்ச ஒரு புள்ள மலநாட்டுல இருக்கி. மூணு மாசத்துக்கு வரச் சொல்லட்டா?" என்று கேட்டார். "வரட்டும், எனக்கென்ன" என்றேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தை பிறந்து ரேணுகா வந்தாள். தோளில் ஒரு பை, காலில் பழைய சப்பாத்து. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, தகப்பனோடு பந்தயக் குதிரைக் கொட்டிலில் வளர்ந்தவள் என்று அறிந்ததும், என்னிடம் படிக்க வந்த பிள்ளை என்றே நான் முடிவுகட்டிவிட்டேன். முதல் நாள் அவள் ஏறவே இல்லை. கச்சானை ஒரு நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வேலியோரமாக நடந்தாள். நிற்பாள், புல் கடிக்க விடுவாள், திரும்ப நடப்பாள். நான் உன்னிடம், "சம்பளத்துக்கு மேய்க்கிறாள்" என்று நக்கலாகச் சொன்னேன். அரை மணி நேரம் கழிந்திருக்கும். கச்சான் தலையை முழங்கால் வரை தாழ்த்தி, மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விட்டது. வயிறு முழுக்க அசைந்து வந்த மூச்சு. ஐந்து மாதத்தில் ஒரு நாளாவது அந்தச் சத்தத்தை எனக்கு அது தந்ததில்லை. எனக்கு நெஞ்சு எரிந்தது, மகன். குதிரை நன்றாக இருக்கிறதே என்ற சந்தோசம் ஒரு துளிகூட வரவில்லை. ஏன் அவளுக்கு, ஏன் எனக்கில்லை என்றுதான் இருந்தது.

இரண்டாம் நாள் நான் கச்சானில் ஏறியபோது அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இறங்கியதும் மெல்லக் கிட்ட வந்தாள். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பலகைக்குள்ள போனதும் நீங்க மூச்சு விடவே மாட்டேங்குறீங்க. அதுவும் விட மாட்டேங்குது." பயத்தில் நான் காலைக் குதிரையின் விலாவிலிருந்து எடுத்துவிட்டு வாரில் தொங்குகிறேன் என்றாள். காலை மெதுவாக ஒட்டி வைத்திருங்கள், கையை இளக்குங்கள் என்றாள். "கையத் தளர விட்டா ஓடிப் போயிடும்னு பயப்படுறீங்க. தளர விடுறது வேற, கைவிடுறது வேற. கால் இருக்குல்ல, நீங்க கூட இருக்கீங்கன்னு அதுக்குத் தெரியும்." நான் சேணத்தைக் கழற்றினேன். அவள் சொன்னது சரி என்று அந்த நிமிசமே எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் அவளை என் கண்ணில் ஆகாதவள் ஆக்கியது.

பிறகு எல்லாம் அவள் முறைப்படிதான். போட்டியில் செய்ய வேண்டிய வரிசையில் ஒருநாளும் முழுதாகச் செய்வித்ததில்லை, குதிரை முந்திக்கொண்டு பதறும் என்று. பத்து நிமிச வேலை, பிறகு வாரை முழுதும் விட்டுக் கழுத்தை நீட்ட விடுவது. ஒரு நாள் கடல் அலைக்குள், ஒரு நாள் சந்தைப் பக்கம், ஒரு நாள் துறைமுக வீதியில் லொறிகளுக்கு நடுவே. கப்பல் ஊதும்போதெல்லாம் நின்று, புறங்கழுத்தைச் சொறிந்துவிட்டுப் போவது. உன்னை மூச்சு விடச் செய்ய அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. பாடச் சொன்னாள். "பாடிக்கிட்டே மூச்ச அடக்க முடியாதுல்ல" என்றாள். நீ வெட்கப்பட்டு முனகினாய், பிறகு உரத்துப் பாடினாய். நான் குசினி யன்னலில் நின்று கேட்டேன். அப்பா போன பிறகு உன் வாயில் பாட்டு வந்து நான் கேட்டதே இல்லை. நானும் எத்தனையோ நாள் உன்னைச் சிரிக்கவைக்கப் பார்த்திருக்கிறேன். வந்து ஒரு மாதம் ஆகாத பெட்டைக்கு அது வாய்த்துவிட்டது. கையிலிருந்த அகப்பையைக் கழுவு தொட்டிக்குள் எறிந்தேன். "அம்மா, என்ன விழுந்தது?" என்று நீ வெளியிலிருந்து கேட்டாய்.

இன்னும் ஒன்று. சின்னனிலிருந்தே நீ சவாரி முடிந்து வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "அம்மா, எப்பிடி இருந்தது?" மாசி மாதத்தில் ஒருநாள் வட்டம் அழகாக வந்தது. கச்சானின் முதுகு மெத்தை மாதிரி அசைந்தது, காதுகள் பக்கவாட்டில் சோம்பிக் கிடந்தன. நீ நிறுத்தினாய். நான் வேலியில்தான் நின்றேன். நீ என்னைத் தாண்டிப் பார்த்து, "ரேணு, எப்பிடி இருந்தது?" என்றாய். நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பிறகு நான் செய்த வேலைக்கு விதை அன்றுதான் விழுந்தது.

இனி, நீ அறியாததைச் சொல்கிறேன். போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் நீயும் ரேணுகாவும் தடைகள் இருக்கிற காட்டுவெளிப் பாதையை நடந்து பார்க்கப் போனீர்கள். "அம்மா, கச்சானை இண்டைக்கு ஒருத்தரும் ஏறக் கூடாதாம், மேய விட்டாக் காணுமாம், ரேணு சொன்னவ" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாய். அந்தக் கடைசிச் சொல் எனக்குள் போய்க் குத்தியது. நீங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கச்சானுக்குச் சேணம் போட்டேன். மைதானத்துக்குப் பின்னால், பனைகளுக்கு அப்பால் ஒரு வெளி இருக்கிறதே, அங்கே கொண்டுபோனேன். தலையைத் தாழ்த்திக் கட்டுகிற பக்கக் கயிறுகளை இரண்டு பக்கமும் இறுக்கினேன். போட்டி வரிசையை முதலிலிருந்து கடைசி வரை செய்வித்தேன். அது முதலில் எனக்கும் நன்றாகத்தான் செய்தது. அதோடு நான் இறங்கியிருக்கலாம். ஆனால் அந்த நன்மை அவள் தந்தது என்று எனக்குத் தெரிந்தது. என் கையால் அதைவிட நன்றாக வர வேண்டும் என்று நின்றேன். திரும்பச் செய்வித்தேன். திரும்ப. எட்டுத் தரம். நாலாம் தரத்திலேயே அது பல்லைக் கடிக்கத் தொடங்கிவிட்டது. கடைசித் தரத்தில் பின்னால் பின்னால் போய்ப் பனையில் முட்டி நின்று நடுங்கியது. இறங்கிப் பார்த்தபோது வாயோரம் உரிந்து, நுரையில் இரத்தம் கலந்திருந்தது.

நான் கழுவினேன். வியர்வை தெரியாமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். வாயோரத்தில் தேங்காய் எண்ணெய் தடவினேன். நீங்கள் திரும்பி வந்தபோது அது மேய்ந்துகொண்டு நின்றது. நீ தேத்தண்ணி கேட்டுப் போய்விட்டாய். ரேணுகா கச்சானுக்குக் கிட்டப் போனாள். அது தலையைச் சட்டென்று இழுத்துக்கொண்டது. அவள் விரலால் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை நாலைந்து விநாடிதான் இருக்கும். "அம்மா, இதுக்குக் கடிவாளம் மாத்தணும், மெல்லிசா ரப்பர் போட்டது ஏதும் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். நான் இல்லை என்றேன். இருந்தது. என் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

அடுத்த நாள் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ அதன் முதுகில் இருந்தாய், நான் வெளியில் நின்று பார்த்தேன். ரேணுகா விடியவே வந்து ஒரு மணி நேரம் கச்சானைக் கையால் பிடித்து நடத்தினாள், உன்னைக் கடைசி இருபது நிமிசம் மட்டும் ஏறவிட்டாள். களத்துக்கு வெளியே அது கொஞ்சம் தணியவும் செய்தது. உள்ளே போய், நடுவருக்கு முன்னால் வணக்கம் சொல்ல நீ நிறுத்த வாரைத் தொட்டாய். வாய் நொந்த குதிரை வானத்தைப் பார்த்துத் தலையை எறிந்தது. வாலால் அடித்தது. துள்ளு நடையில் குறுக்காலே போனது. இரண்டாம் வட்டத்தில் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. பழகிய சத்தம்தான். ஆனால் அன்று கச்சான் பலகையைத் தாண்டி வெளியே பாய்ந்துவிட்டது. நடுவர் மணி அடித்தார். களத்தை விட்டுப் போனால் விலக்கம். அடுத்த இரண்டு கட்டமும் ஓட முடியாது. அந்தக் காட்டுவெளியில் அன்று கச்சானை வெல்ல ஒரு குதிரையும் வந்திருக்கவில்லை.

நீ இறங்கி வந்து, அத்தனை பேர் பார்த்திருக்க, ரேணுகாவிடம் கத்தினாய். "மூண்டு மாசமாத் தளர விடு, தளர விடு எண்டு சொல்லிச் சொல்லி என்ர குதிரையைக் கெடுத்துப் போட்டாய்! அம்மா அப்பவே சொன்னவா, நான்தான் கேக்கேல்லை!" அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்று இன்றும் யோசிக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன். ஏனென்றால் அந்த நிமிசம் எனக்கு இனித்தது. என் மகன் என்னிடம் திரும்பி வந்துவிட்டான் என்று இருந்தது. அவள் கச்சானின் சேணத்தைக் கழற்றி, காலுக்குத் தண்ணீர் ஊற்றி, வேலையெல்லாம் முடித்துவிட்டுத்தான் போனாள். பின்னேரக் கண்டி பஸ்ஸில் ஏறினாள் என்று ஹாஜியார் சொன்னார்.

ஆனால் நீ என்னிடம் திரும்பி வரவில்லை. ஒரு மாதத்தில் கொழும்பில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாய். பாட்டும் நின்றுவிட்டது. நானும் கச்சானும் மிஞ்சினோம். அது என்னைக் கண்டால் கொட்டிலின் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு மாதம் பார்த்தேன். பிறகு ஒருநாள், யாரும் இல்லாத நேரம், நீளக் கயிற்றை எடுத்து அவள் செய்த மாதிரியே வேலியோரம் நடந்தேன். நின்றேன். புல் கடிக்க விட்டேன். வெட்கத்தை விட்டு மூச்சை வாயால் ஊதி ஊதி விட்டேன். மூன்று கிழமை நடந்த பிறகு அது தலையைத் தாழ்த்தி அந்த மூச்சை விட்டது. நான் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். புண்ணியம் செய்த அழுகை என்று நினைத்துவிடாதே. அப்போதும், இதை அவள் அரை மணியில் செய்தாளே என்றுதான் எனக்குள் ஓடியது.

ஆவணியில் ஈச்சிலம்பற்றில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறேன் என்று உனக்குச் சொல்லிவிட்டு, கண்டிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து மலைக்குப் போனேன். லயத்து வாசலில் ரேணுகா என்னைக் கண்டதும் பயந்துபோய், "அவருக்கு ஏதும்..." என்றாள். முதல் கேள்வி உன்னைப் பற்றித்தான். உள்ளே இருத்தித் தேத்தண்ணி தந்தாள். நான் குடிக்காமலே சொன்னேன்.

"பிள்ளை, அண்டைக்குக் கச்சானை நான் ஏறினனான். பக்கக் கயிறு போட்டு, எட்டுத் தரம்."

"தெரியும்மா" என்றாள். "வாயப் பாத்தப்பவே தெரியும்."

"பிறகேன் நீ சொல்லேல்லை? அவன் அவ்வளவு கத்தினவன்."

அவள் கோப்பையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சொன்னா அவருக்கு நீங்களும் இல்லாமப் போயிருப்பீங்க. அப்பா இல்லாத புள்ள. நான் போனா ஒருத்திதானே போறேன்னு நெனச்சேன்." பிறகு கேட்டாள். "கச்சான் எப்படியிருக்கு? நடக்குதா?"

நான் கை கூப்பினேன். அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். "அவர்கிட்ட சொல்ல வேணாம்மா" என்றாள், "முடிஞ்சு போச்சு." இறங்கி வருகிற பஸ்ஸில் நான் யோசித்தது என்ன தெரியுமா? என் பிள்ளையை என்னைவிட ஒருத்தி கவனமாகப் பாதுகாத்திருக்கிறாளே என்று. அதற்கும் பொறாமைதான் பட்டேன்.

அவள் சொல்ல வேண்டாம் என்றது எனக்கு வசதியாகப் போய்விட்டது. உனக்குத் தொலைபேசி எடுத்து, "அந்தப் பிள்ளையோட ஒருக்காக் கதை" என்று மட்டும் சொன்னேன். நீ கதைத்தாய். பிறகு உங்கள் கலியாணப் பேச்சு வரை எல்லாம் நல்லதாகவே நடந்தது. அதோடு என் கடன் தீர்ந்தது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். போன பங்குனியில் அதே மைதானத்தில் ட்ரெஸாஜ் மட்டும் வைத்தார்கள், நான் கச்சானைக் கொண்டுபோனேன். களத்துக்குள் அது வாய் மூடி, முதுகு அசைய, கப்பல் சத்தத்துக்கும் காது திருப்பாமல் போனது. "ஒங்கட கைதான் தங்கச்சி, ஒங்கட கைக்குத்தான் இது அடங்கியிருக்கி" என்று ஹாஜியார் ஊரைக் கூட்டிச் சொன்னார். எல்லோரும் கை கொடுத்தார்கள். நான் ரேணுகாவின் பெயரைச் சொல்லவில்லை. ஓம் என்று தலையாட்டினேன்.

அப்படியே இருந்திருப்பேன். போன மாதம் சேலை எடுக்க வந்தபோது நீ ஒன்று சொன்னாய். "அண்டைக்கு அவ விட்ட பிழைக்கு எனக்கு எவ்வளவு கோபம், தெரியுமே அம்மா? இப்ப நினைச்சாச் சிரிப்பு வருது. நான் அவவை எப்பவோ மன்னிச்சிட்டன்." ரேணுகா கடை வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கேட்டது. குனிந்தபடியே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு நித்திரை இல்லை.

அவள் செய்யாத ஒன்றை நீ மன்னித்து வைத்திருக்கிறாய், மகன். அவளும் அதை வாங்கி வைத்திருக்கிறாள். நாளைக்கு உங்களுக்குள் ஒரு சின்னச் சண்டை வந்தால் நீ அதை எடுத்துச் சொல்வாய். அவள் அப்போதும் குனிந்து சிரிப்பாள். ஒரு ஆயுசுக்கு அவளை அப்படி இருக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. கோபம் வந்த அன்று நீ வாரை இழுத்துப் பிடித்தாய், என்னிடம் பழகிய பழக்கம் அது. இனிக் கோபம் வரும்போது முதலில் மூச்சை விடு, பிறகு என்ன நடந்தது என்று கேள். அன்று நீ ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். வேறு புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

இந்தக் கடிதத்தை அவளுக்குக் காட்டாமல்தான் அனுப்புகிறேன். காட்டினால் தடுத்துவிடுவாள். நீ இன்றைக்கே அவளிடம் போ. அவளை மன்னித்தவனாகத் தாலி கட்டாதே, அவளிடம் மன்னிப்புக் கேட்டவனாகக் கட்டு. என்னைப் பற்றி என்ன முடிவெடுக்கிறாய் என்பதற்கு அவசரம் இல்லை. மண்டபத்துக்கு நான் வர வேண்டாம் என்றால் வரமாட்டேன், சனம் கேட்டால் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்வேன். வரலாம் என்றால் ஒரு சொல் அனுப்பு. உங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால் அன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரியத்தான் செய்யும், அது இலேசில் போகிற குணம் இல்லை. ஆனால் அவள் கையைப் பிடித்து உன் பக்கத்தில் இருத்திவிட்டுப் பின்னுக்கு வந்து நிற்க என்னால் ஏலும்.

அம்மா